பனிக்கடலிற் காணாமற் போனவர்

ஒருவர் இறந்தார் என்னுஞ் செய்தி கொடியது. அவர் எங்குளர் என்பதே தெரியவில்லை என்னுஞ் செய்தி அதனினுங் கொடியது. இறந்தார் பொருட்டு அழுது ஆறுதல் கூடும். காணாமற் போனாரைக் குறித்தோ சுற்றத்தார் நாடோறும் வாயிலை நோக்கிக்கொண்டிருப்பர். நூறு ஆடுகளுள் ஒன்று தவறியக்கால் ஏனையவற்றை விட்டு அதனைத் தேடிச் சென்ற மேய்ப்பனை நம் ஆண்டவர் உவமையாகக் காட்டியருளினார். அவ்வுவமையில் தேடினவன் ஒருவனே. ஒரு நாடே திரண்டு ஒருவரைத் தேடப் புகுங்கால் நிகழ்வன யாவை? பத்திரிகைகள் அத்தேட்டத்திற்கு எவ்வாறு துணையாகின்றன, எவ்வாறு தடையாகின்றன? இவற்றை நன்கு விளக்கவல்லது, வடதுருவப் பனிக்கடலில் மறைந்த சர் ஜான் பிராங்க்ளின் என்னும் ஆங்கிலக் கப்பற்றலைவரின் வரலாறு. அதனை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

பிராங்க்ளின் 1786ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர்ப் பகுதியிலுள்ள ஸ்பில்ஸ்பி என்னும் ஊரிற் பிறந்தவர். இளமையிலேயே கடற்படையிற் சேர்ந்து, 1805ஆம் ஆண்டு டிரபால்கர்ப் போரிற் கலந்துகொண்டார். 1819 முதல் 1822 வரை கனடாவின் வடகரையை ஆராயச் சென்ற காலத்து, உணவின்றி வாடித் தோற்செருப்பையும் தின்று உயிர் பிழைத்தமையால், 'தம் செருப்பைத் தின்றவர்' என நாடெங்கும் பெயர் பெற்றார். பின்னர், இக்காலத்து டாஸ்மேனியா எனப்படும் தீவில் ஆளுநராயும் இருந்தார். அமெரிக்காவின் வடபுறமாகச் சென்று ஆசியாவை அடையும் வடமேற்குக் கடல்வழியைக் காண்டல் ஆங்கிலேயரின் நெடுநாள் அவா. அதனை நிறைவேற்ற 1845ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள், தம் 59ஆம் வயதில், எரிபஸ், டெரர் என்னும் இரு கப்பல்களுடன் அவர் தேம்ஸ் ஆற்றினின்று புறப்பட்டார். அக்கப்பல்களில் நீராவிப் பொறிகளும், மூன்றாண்டிற்குப் போதிய உணவும், ஆயிரத்திற்கு மேற்பட்ட நூல்களும் இருந்தன. ஐவர் கிரீன்லாந்தினின்று திருப்பி அனுப்பப்பட, எஞ்சிய 129 பேர் மேற்சென்றனர். ஜூலை மாத இறுதியில் பாபின் விரிகுடாவில் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் இரண்டு அவர்களைக் கண்டன. அதன்பின் ஐரோப்பியர் எவரும் அவர்களை உயிருடன் கண்டிலர்.

மூன்றாண்டிற்கு உணவு உண்டு என்னும் எண்ணமே முதலிற் கேடு செய்தது. 1847ஆம் ஆண்டிலேயே சிலர் அச்சந் தெரிவித்தனர். அவருள் ஒருவர் ரிச்சர்டு கிங் என்னும் மருத்துவர். அவர் முன்னரே ஜார்ஜ் பாக் என்பாருடன் கனடாவின் வடபாலுள்ள பெருமீன் ஆற்றின் வழியே பயணஞ் செய்தவர். அவ்வாற்றின் வழியே சென்று தேடுதல் வேண்டும் என்றும், தம்மை அனுப்புக என்றும் அவர் கடற்படை ஆட்சியாளர்க்கு எழுதினார். அவர் கடுஞ்சொல்லர், பெரியோரைக் குறை கூறும் இயல்பினர். ஆதலின் அவர் சொல் ஏற்கப்படவில்லை. அச்சொல்லின் உண்மை பின்னர் விளங்கும்.

1848ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் மும்முனைத் தேட்டம் ஒன்றனைத் தொடங்கினர். கிழக்கினின்று ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கப்பல்களுடன் சென்றார். மேற்கே பேரிங் நீரிணையின் வழியாக வேறு கப்பல்கள் சென்றன. தரை வழியாக ரிச்சர்ட்சன், ஜான் ரே என்னும் இருவர் மக்கென்சி ஆற்றின் வழியே கடற்கரையை அடைந்தனர். ஒரு தடயமும் கிடைத்திலது. 1849ஆம் ஆண்டில், எந்நாட்டுக் கப்பலாயினும் அவர்க்கு உதவி புரியின் 20,000 பவுன் பரிசு அளிக்கப்படும் என அரசாங்கம் விளம்பரஞ் செய்தது.

அரசாங்கத்தினும் மிக்க ஊக்கத்துடன் முயன்றவர் பிராங்க்ளினின் மனைவியாராகிய ஜேன் அம்மையார். அவர் திமிங்கில வேட்டைத் துறைமுகங்கட்குத் தாமே சென்று கப்பற்றலைவர்களுடன் உரையாடினார். தம் பொருளினின்றும் பரிசு தருவதாக அறிவித்தார். அமெரிக்க ஐக்கிய நாட்டுத் தலைவராகிய டெய்லருக்கு 1849ஆம் ஆண்டிற் கடிதம் எழுதினார். அக்கடிதம் பத்திரிகைகளில் வெளிவந்து பலர் மனத்தை உருக்கிற்று. நியூயார்க் வணிகராகிய ஹென்றி கிரின்னல் தம் செலவில் இரு கப்பல்களை அளித்தார். தேவாலயங்களிற் காணாமற் போனார்க்காக விண்ணப்பங்கள் ஏறெடுக்கப்பட்டன. தெருக்களில் அம்மையாரின் துயரைக் கூறும் பாட்டுக்கள் அச்சிட்டு விற்கப்பட்டன. படங்களுடன் வெளிவந்த வாரப் பத்திரிகைகள் பனிமலைகளையும் கப்பல்களையும் வரைந்து காட்டின. கடலையே கண்டறியாதாரும் லங்காஸ்டர் நீர்வழி யாது, வெல்லிங்டன் கால்வாய் யாது எனப் பேசுவாராயினர். ஒருவரது துயரத்தைப் பலரது துயரமாக்குதல் பத்திரிகையின் பேராற்றல். அவ்வாற்றல் இன்றேல் அரசாங்கம் ஓரிரு முயற்சியோடு அமைந்திருத்தல் கூடும்.

தேடினார் கையாண்ட வழிகளும் வியக்கத்தக்கன. நரிகளைப் பிடித்து, கப்பல்கள் நிற்கும் இடத்தைப் பொறித்த பட்டைகளை அவற்றின் கழுத்திற் பூட்டி விடுத்தனர். காணாமற் போனார் உணவிற்காக நரிகளைப் பிடிப்பின் செய்தி அவர்க்கு எட்டும் என்பது கருத்து. செய்தி அச்சிட்ட வண்ணத் தாள்களைப் பலூன்களிற் கட்டிப் பறக்கவிட்டனர். கரைகளிற் கற்குவியல்களை எழுப்பி, அவற்றுள் உணவும் கடிதமும் வைத்தனர். கப்பல் உறைந்து நிற்கும் குளிர்காலங் கழிந்ததும், சறுக்கு வண்டிகளை மாலுமிகள் தாமே இழுத்துக்கொண்டு பன்னூறு கல் தொலைவு நடந்து தேடினர். 1850ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பீச்சித் தீவில் மூன்று கல்லறைகள் காணப்பட்டன. அவை 1846ஆம் ஆண்டில் இறந்த டாரிங்டன், ஹார்ட்னெல், பிரெய்ன் என்னும் மூவருடையன. முதற் குளிர்காலத்தை அங்குக் கழித்தமை புலனாயிற்று. ஆயின், அங்கிருந்து எத்திசைக்குச் சென்றனர் என்பதற்குக் குறிப்பு ஒன்றேனும் கிடைத்திலது.

இவ்விடத்தே பத்திரிகையின் மற்றொரு முகம் புலப்படுகின்றது. உண்மை அறியப்படாத வெற்றிடத்தை ஊகங்கள் நிரப்பின. துருவத்தைச் சுற்றிப் பனியில்லாத வெதுவெதுப்பான கடல் ஒன்று உளது, பிராங்க்ளின் அதனுட் புகுந்து வெளிவர இயலாதிருக்கின்றார் எனப் பலர் எழுதினர். குறி சொல்வோர் கனவிற் கண்டவற்றையும் மக்கள் ஆவலுடன் கேட்டனர். ஆதலின் தேடுவோருட் பெரும்பாலார் வடக்கு நோக்கியே சென்றனர். காணாமற் போனவரோ தெற்கே இருந்தனர். தேடச் சென்றவர்க்கும் அழிவு நேர்ந்தது. தாமாக முன்வந்து ஆங்கிலேயருடன் தேடிய பெல்லோ என்னும் பிரெஞ்சு நாட்டு இளைஞர் 1853ஆம் ஆண்டிற் பனிப்பிளவில் வீழ்ந்து மாண்டார். 1854ஆம் ஆண்டிற் பெல்ச்சர் என்பார் தம் ஐந்து கப்பல்களுள் நான்கனைப் பனியிலே கைவிட்டு மீண்டார்.

அவ்வாண்டு மார்ச்சு மாதம் 31ஆம் நாள் முதல், காணாமற் போனவரெல்லாம் இறந்தவராகக் கொள்ளப்பட்டுப் பெயர்ப் பதிவினின்று நீக்கப்படுவர் எனக் கடற்படை ஆட்சியாளர் அறிவித்தனர். ஜேன் அம்மையார் கைம்பெண்ணுக்குரிய உதவிப் பணத்தை ஏற்க மறுத்து, துக்க உடையைக் களைந்து வண்ண உடை அணிந்துகொண்டார். இச்செய்தி யாவரும் அறிந்தது. ஆயின் பிராங்க்ளினுடன் சென்றவர் 128 பேர். அவர்க்கும் தாயர் இருந்தனர். மனைவியரும் மக்களும் இருந்தனர். பெயர் நீக்கப்பட்ட நாளிலிருந்து சம்பளமும் நின்றது. எளிய மாலுமியின் மனைவிக்கு வண்ண உடையால் மறுப்புத் தெரிவிக்கும் வாய்ப்பு ஏது? பத்திரிகைகள் ஒரு முகத்தையே மீண்டும் மீண்டும் காட்டின. ஏனைய முகங்கள் அதன் பின்னே மறைந்தன.

அவ்வாண்டிலேயே உண்மை வெளிப்பட்டது. ஹட்சன் விரிகுடாக் கம்பெனியைச் சார்ந்த ஜான் ரே, பெல்லி விரிகுடாவின் அருகே இன்யூட் மக்களைக் கண்டார். முன்னாளில் எஸ்கிமோவர் என அழைக்கப்பட்டோர் இவரே. ரே அவர்தம் உடையை உடுத்து, அவர்போற் பனிவீடு கட்டி வாழக் கற்றவர். ஏறக்குறைய நாற்பது வெள்ளையர் ஒரு பேராற்றின் அருகே பசியால் மாண்டனர் என்றும், இறுதியில் இறந்தாரது ஊனையுந் தின்றனர் என்றும் அவர்கள் கூறினர். பிராங்க்ளினுக்குரிய பதக்கம் ஒன்றையும் வெள்ளிக் கரண்டிகளையும் அவர்களிடமிருந்து ரே விலைக்குப் பெற்றார். பேராறு எனப்பட்டது கிங் என்னும் மருத்துவர் சுட்டிய பெருமீன் ஆறேயாம்.

ரேயின் அறிக்கை 1854ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 23ஆம் நாள் 'டைம்ஸ்' பத்திரிகையில் வெளியாயிற்று. நாடு திடுக்கிட்டது. ஆங்கில மாலுமிகள் அவ்வாறு செய்திரார் எனச் சினந்து எழுதினோருள் தலையாயவர் பெயர்பெற்ற புதினவாசிரியராகிய சார்லஸ் டிக்கன்ஸ். தம் வாரப் பத்திரிகையில் அவர், அநாகரிக மக்களின் சொல்லை நம்பலாகாது என வாதித்தார். அவர்களே வெள்ளையரைக் கொன்றிருத்தல் கூடும் என்றும் ஐயுற்றார். ரேயிடம் சொன்னவர் நிகழ்ச்சியைத் தாம் நேரிற் கண்டவரல்லர், பிறர் வாய்க் கேட்டவரே என்பது உண்மை. ஆதலின் ஆராய்ந்து கொள்க என்று கூறியிருப்பின் அது முறையாகும். சொல்லுவோர் இன்ன இனத்தார் என்பது பற்றி அச்சொல்லைத் தள்ளுதல் முறையன்று. ரேயின் மறுமொழியையும் டிக்கன்ஸ் தம் பத்திரிகையில் வெளியிட்டார் என்பது அவர்க்குப் பெருமையே. 1856ஆம் ஆண்டில், அவர்தம் முடிவை அறிந்து கூறியதற்குரிய 10,000 பவுன் பரிசு ரேயிற்கும் அவருடன் சென்றார்க்கும் அளிக்கப்பட்டது. எனினும் பொதுமக்கள் பாராட்டு அவர்க்குக் கிடைத்திலது.

ஜேன் அம்மையார் ஓய்ந்தாரல்லர். தம் பொருளோடு மக்கள் அளித்த நன்கொடையையுஞ் சேர்த்து, 'பாக்ஸ்' என்னுஞ் சிறு கப்பலை வாங்கி, மக்ளின்டாக் என்பாரை 1857ஆம் ஆண்டில் அனுப்பினார். 1859ஆம் ஆண்டு மே மாதம் கிங் வில்லியம் தீவிற் கற்குவியல் ஒன்றனுள் ஒரு தாள் கிடைத்தது. அதில் இருவேறு காலத்தே எழுதிய இரு குறிப்புகள் இருந்தன. முதலாவது, 1847ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள் வரை யாவரும் நலம் என்பது. இரண்டாவது, அதன் ஓரங்களிற் சுற்றி எழுதப்பட்டது: 1846 செப்டம்பர் முதல் கப்பல்கள் பனியிற் சிக்கியிருந்தன, பிராங்க்ளின் 1847ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் நாள் இறந்தார், 24 பேர் மாண்டனர், எஞ்சிய 105 பேர் 1848 ஏப்ரல் மாதத்தே கப்பல்களை விட்டுப் பெருமீன் ஆற்றை நோக்கி நடக்கத் தொடங்கினர். எவரைத் தேடும்பொருட்டு நாடே திரண்டதோ அவர் முதற் கப்பல் புறப்படுமுன்னரே இறந்திருந்தார். அவருடன் சென்றாருட் பலரோ அப்பொழுது உயிருடன் இருந்தனர்.

இனி, இன்யூட் மக்கள் கூறியதன் உண்மையைக் காண்போம். கப்பல்களுள் ஒன்று தெற்கே சென்று மூழ்கிற்று என அவர்கள் 1860க்குப் பின் வந்த ஹால் முதலிய ஆராய்ச்சியாளரிடங் கூறிவந்தனர். 2014ஆம் ஆண்டு செப்டம்பரில், கனடா நாட்டார் எரிபஸ் கப்பலை அவர்கள் சுட்டிய பகுதியிலேயே ஏறக்குறைய 11 மீட்டர் ஆழத்திற் கண்டனர். 2016ஆம் ஆண்டில், பனியினின்று மரத்தூண் ஒன்று நீட்டி நின்றதைத் தாம் கண்டதாக ஜோவா ஹேவன் ஊரினராகிய சாமி கோக்விக் என்னும் இன்யூட் கூறிய இடத்தே டெரர் கப்பலுங் கிடைத்தது. எலும்புகளை ஆராய்ந்தோர் அவற்றில் கத்தி பட்ட வடுக்களைக் கண்டனர். 2024ஆம் ஆண்டில் அவற்றுள் ஒன்று எரிபஸ் கப்பற்றலைவராகிய பிட்ஸ்ஜேம்சின் தாடையெலும்பு என மரபணுச் சோதனையால் நிறுவப்பட்டது. பசி மேலோர் கீழோர் என்னும் வேற்றுமை அறியாது. ரேயிற்கு வெஸ்ட்மின்ஸ்டர்த் தேவாலயத்தில் நினைவுக்கல் நாட்டப்பட்டது 2014ஆம் ஆண்டில். பிராங்க்ளினுக்கோ 1875ஆம் ஆண்டிலேயே அங்குச் சிலை எழுந்தது.

இவ்வரலாற்றினின்று நாம் அறிவன மூன்று. தேட்டத்திற்குக் காலமே உயிர். முதலெச்சரிக்கை செய்வோன் இனியவனல்லன் என்பது பற்றி அவன் உரையைப் புறக்கணித்தல் கூடாது. ஓரிடத்தே காணாமற் போனாரைப் பற்றி, அவ்விடத்தே வாழ்வாரை முதலில் வினவுதல் வேண்டும். பத்திரிகை மக்களைத் திரட்டவல்லது. ஆயின் தாம் விரும்பாத செய்தி வருங்கால் அதனைத் தாங்கும் மனவலிமையைப் படிப்போர் தாமே தேடிக்கொள்ளல் வேண்டும்.

தேட்டம் இன்னும் முடிந்திலது. 2021ஆம் ஆண்டில், ஓர் எலும்பு எரிபஸ் கப்பலிற் பொறிவினைஞராயிருந்த ஜான் கிரிகரி என்பாருடையது என அறியப்பட்டது. 1845ஆம் ஆண்டிற் கிரீன்லாந்தினின்று மனைவிக்கு அவர் எழுதிய கடிதமே அவரைப் பற்றி வீட்டார்க்குக் கிடைத்த இறுதிச் செய்தி. அவர் மரபில் வந்த ஒருவர் அளித்த மரபணுவைக் கொண்டே, 176 ஆண்டுகள் கழித்து அவர் அடையாளங் காணப்பட்டார். பத்திரிகைகள் அந்நாளிற் பெரிதும் கூறாது விட்ட 128 பேருள் அவர் ஒருவர்.