எண்ணெயைப் பார்க்காத விளக்கு!

கார் என்ஜினுக்கு எண்ணெய்தான் உயிர். எண்ணெய் கெட்டால், இரும்போடு இரும்பு உராயும். என்ஜின் பாழாகும்.

எண்ணெய் மாற்றும் நேரத்தை நினைவூட்ட, பல கார்களில் ஒரு மஞ்சள் விளக்கு உண்டு. அமெரிக்காவில் விற்கப்பட்ட 2010-ம் ஆண்டு டொயோட்டா கொரோலா காரில், 5,000 மைல் (சுமார் 8,000 கிலோ மீட்டர்) ஓடியதும் அது எரியும்.

புது எண்ணெய் ஊற்றிய பிறகும் எரிகிறதே, ஏன்?

அந்த விளக்குக்கு எண்ணெயைப் பற்றி ஒன்றும் தெரியாது! அது மைல் கணக்கை மட்டுமே பார்க்கிறது. "மறுபடியும் முதலில் இருந்து எண்ணு" என்று நாம்தான் சொல்லவேண்டும்.

அணைப்பது எப்படி?

என்ஜின் ஓடும்போதே, பயண தூரம் காட்டும் மீட்டரை "ஏ" என்ற கணக்கில் வையுங்கள். பிறகு என்ஜினை நிறுத்துங்கள். மீட்டரின் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே, சாவியை "ஆன்" நிலைக்குத் திருப்புங்கள். என்ஜினைக் கிளப்பக்கூடாது. மீட்டரில் பூஜ்யங்கள் தோன்றும்வரை பொத்தானை விடாதீர்கள். விளக்கு அணைந்துவிடும்.

மற்ற கார்களில் முறை வேறுபடும். காரோடு வரும் புத்தகத்தைப் பாருங்கள்.

ஏமாறாதீர்கள்!

எண்ணெயை மாற்றாமலே இப்படிச் செய்தாலும் விளக்கு அணையும்! ஆகவே, பழைய கார் வாங்குகிறவர்கள் விளக்கை நம்பவேண்டாம். எண்ணெய் மாற்றிய ரசீதைக் கேளுங்கள்.

சிவப்பு விளக்கு

எண்ணெய் விடும் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு வேறு. ஓடும்போது அது எரிந்தால், எண்ணெயின் அழுத்தம் குறைந்துவிட்டது என்று பொருள். உடனே காரை ஓரம் கட்டி, என்ஜினை நிறுத்துங்கள்.

அந்த ஆபத்தை அணைக்கப் பொத்தான் கிடையாது!