மன அழுத்தம் குறைய அரை மணி நேர நடை

கடன், வேலை, பிள்ளைகளின் படிப்பு என்று கவலை கூடும்போது உடலில் அட்ரினலின், கார்ட்டிசோல் ஹார்மோன்கள் அதிகம் சுரக்கின்றன. இதயம் படபடக்கும், தசைகள் இறுகும், தூக்கம் கெடும்.

உடற்பயிற்சியின்போதும் இதயம் வேகமாகத் துடிக்கிறது. முடிந்ததும் நிதானத்துக்குத் திரும்புகிறது. தொடர்ந்து செய்தால் உடல் இதற்குப் பழகிவிடும். தசை இறுக்கம் தளரும், தூக்கமும் சீராகும்.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது 5 நாட்கள், 30 நிமிட வேக நடை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; அதுவே சரியான வேகம்.

வீட்டு வேலையில் மூழ்கியிருக்கும் பெண்களுக்கும் இந்த அரை மணி நேரத்தை ஒதுக்கிக் கொடுங்கள். மனச்சோர்வு 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அப்போது நடை மட்டும் போதாது.