அடுப்பங்கரைக்கு ஓர் இரும்பு அரண்

திண்டுக்கல் என்றதும் பிரியாணியும் பூட்டும் ஒருங்கே நினைவுக்கு வரும். முன்னதற்கு நெருப்பு வேண்டும். பின்னதற்கு இரும்பு வேண்டும். இவ்விரண்டும் சந்திக்கும் ஒரு கைவேலை உண்டு. அதுவே விறகடுப்பைச் சுற்றி நிறுத்தும் அலங்கார இரும்புத் தடுப்பு.

இம்மண்ணுக்கும் இரும்புக்கும் உள்ள உறவு பழையது. 1755-ஆம் ஆண்டில் ஹைதர் அலி பிரெஞ்சுக்காரரின் துணையுடன் இங்கு ஆயுதச்சாலை ஒன்றை நிறுவினார். பிற்காலத்தில் மாங்காய்ப் பூட்டு முதலிய கைவேலைப் பூட்டுகள் இவ்வூரின் பெயரை எங்கும் பரப்பின. 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும், இயந்திரத்தில் உருவாகி மலிவாக வந்து குவியும் அலிகர் பூட்டுகளின் முன் கைத்தொழில் மெலிந்துவிட்டது. நுட்பம் அறிந்த கைகளுக்கு இன்று புதிய வேலை வேண்டும். நம் அடுப்பங்கரைக்கோ பாதுகாப்பு வேண்டும்.

எரிவாயு வந்துவிட்ட பின்னரும் விறகடுப்பு நம்மை விட்டு அகலவில்லை. நிக்காஹ் விருந்துக்கும் பெருநாள் சமையலுக்கும் கொல்லைப்புறத்தில் கல்லடுப்பு மூட்டுகிறோம். சுற்றுப்புறச் சிற்றூர்களில் அன்றாடச் சமையலுக்கே விறகு எரிக்கும் இல்லங்கள் உண்டு. அங்கேதான் குழந்தைகள் ஓடியாடுகின்றனர். தாயின் முந்தானையும் மகளின் துப்பட்டாவும் காற்றில் அசைகின்றன. ஒரு கணக் கவனக்குறைவு ஓர் ஆயுள் வடுவாகிவிடும். இதைத் தவிர்க்க, மூன்று பக்கமும் மறைத்து, விறகு தள்ளும் பக்கம் மட்டும் திறந்திருக்கும் தடுப்பு ஒன்று போதும்.

சகோதரிகளே! வெல்டிங் பட்டறைக்குச் சென்று இதைச் செய்யச் சொல்லும்போது சிலவற்றை நினைவில் கொள்ளுங்கள்.

கம்பிகள் நிமிர்ந்து நிற்கட்டும். குறுக்குக் கம்பிகளை நடுவில் வைத்தால் குழந்தைகள் அவற்றையே படியாக்கி ஏறுவர். இரு கம்பிகளுக்கு இடையே நான்கு அங்குலத்திற்கு மேல் இடைவெளி வேண்டாம். அடிப்பாகம் அகன்று, கனமாக இருந்தால்தான் இடித்தாலும் சாயாது. முனைகளை எல்லாம் அரத்தால் மழுக்கச் சொல்லுங்கள்.

தடுப்பு அடுப்பை ஒட்டி நிற்றல் ஆகாது. ஒட்டி நின்றால் அதுவே சுடும் பொருளாகிவிடும். நெருப்பு முழுவீச்சில் எரியும்போது புறங்கையை மெல்ல அருகே கொண்டு சென்று பாருங்கள். வெப்பம் பொறுக்கவில்லையெனில் இன்னும் தள்ளி நிறுத்துங்கள்.

சூடேறினால் இரும்பு நீளும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் வெப்பம் 300 பாகை உயர்ந்தால் அது சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீண்டுவிடும். எனவே அடுப்பின் அருகே வரும் தகடுகளை நான்கு மூலையிலும் இறுகப் பற்றவைத்தால் அவை நெளிந்து போகும். ஒரு பக்கம் பற்றவைத்து, மறுபக்கம் நீண்ட துளையிட்டுத் திருகாணி பூட்டினால் இரும்பு நீளவும் சுருங்கவும் இடம் கிடைக்கும்.

இனி அழகு. நம் பள்ளிவாசல்களில் காணும் எண்முனை நட்சத்திரம் செய்வதற்கு எளிது. சதுரக் கம்பியில் ஒரே அளவாய் இரு சதுரங்கள் செய்து, ஒன்றின் மீது மற்றொன்றை அரைச் செங்கோணம் திருப்பி வைத்தால் எட்டு முனைகள் தோன்றும். கம்பிகள் ஒன்றையொன்று வெட்டும் எட்டு இடங்களில் பற்றவைத்தால் போதும். கொடியும் இலையும் வளைப்பது பழகிய கொல்லருக்கு விளையாட்டு. ஆனால் புகையும் கரியும் எண்ணெயும் படியும் இடத்தில் புனித எழுத்துகளைப் பொறிக்க வேண்டாம். அவற்றின் கண்ணியத்திற்கு அது பொருந்தாது.

துத்தநாகப் பூச்சுள்ள குழாய்களை அறவே தவிர்க்க வேண்டும். பற்றவைக்கும் தீப்பொறியின் வெப்பத்தில் துத்தநாகம் ஆவியாகிறது. அப்புகையைச் சுவாசிக்கும் தொழிலாளிக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். பற்றவைக்கும்போது எழும் புகை புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வகைப்படுத்தியது. ஆகவே காற்றோட்டமும் முகக்கவசமும் தேவை. பட்டறைக்கு உடன் வரும் பிள்ளைகள் அந்த ஒளியைப் பார்க்க விடாதீர்கள்; கண்ணெரிச்சல் இரவில்தான் தெரியும். வண்ணமும் சாதாரண எனாமலாக இருத்தல் கூடாது. வெப்பம் தாங்கும் பூச்சையே கேளுங்கள்.

எத்துணை அரண் இருப்பினும் விபத்து நேரலாம். தீப்புண்ணில் பற்பசையோ மையோ தடவாமல், 20 நிமிடங்கள் ஓடும் குளிர்ந்த நீரில் காட்டிவிட்டு மருத்துவரிடம் விரையுங்கள்.

உறங்கச் செல்லுமுன் நெருப்பை அணைத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். வீட்டாரின் உயிரைக் காப்பதும் மார்க்கம் காட்டும் வழியே என்பதற்கு இது சான்று. திருக்குர்ஆனின் 57-ஆம் அத்தியாயம் இரும்பின் பெயரையே தாங்கி நிற்கிறது. மக்களுக்கு அதில் உள்ள பயன்களையும் நினைவூட்டுகிறது. வரும் பெருநாளுக்கு முன் உங்கள் ஊர்ப் பட்டறையில் அப்பயனை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பேசிய கூலியைக் குறைக்காமல், வியர்வை உலருமுன் கொடுங்கள். உங்கள் குழந்தைக்கு ஓர் அரணும், ஒரு கைவினைஞரின் இல்லத்திற்கு ஒரு நாள் அடுப்பும் அதனால் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.