பழைய அம்பாசிடர்: பெட்ரோலா, டீசலா?

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்களில் பலருக்கு ஓர் ஆசை உண்டு. சர்வீஸ் முடிந்து பணிக்கொடை கைக்கு வந்ததும், சின்ன வயதில் ஊருக்குள் கலெக்டர் வந்து இறங்கிய அதே அம்பாசிடர் காரில் ஒன்றை வாங்க வேண்டும். பொங்கலுக்குப் பெண்டு பிள்ளைகளோடு ஓசூர் வழியாக ஊர் போய் வீட்டு வாசலில் நிறுத்த வேண்டும். ஆசையில் தவறில்லை. ஆனால் முப்பது வருஷம் உழைத்துச் சேர்த்த பணம் அதில் போகிறது. பெயிண்டும் சீட் உறையும் பளபளப்பாக இருக்கின்றன என்று மயங்கி முன்பணம் கொடுத்துவிட்டு, பிறகு பானெட்டைத் திறந்து பார்ப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். முதலில் தீர்க்கவேண்டிய கேள்வி, உள்ளே இருப்பது பெட்ரோல் என்ஜினா, டீசல் என்ஜினா என்பதுதான்.

கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் உள்ள தொழிற்சாலையில் 1950-களின் கடைசியில் பிறந்தது அம்பாசிடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரே இதற்கு மூலம். 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. இடைப்பட்ட ஐம்பத்தைந்து வருஷத்தில் வெளித்தோற்றம் அதிகம் மாறவில்லை, என்ஜின்தான் மாறியது. நெடுங்காலம் ஓடியது 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின். சக்தி சுமார் 50 குதிரை. 1979-80 வாக்கில் அதே 1489 சி.சி. அளவில் டீசல் என்ஜின் வந்தது. இந்தியாவில் தயாரான கார்களில் டீசலோடு வந்த முதல் கார் இதுவே. இதன் சக்தி 37 குதிரையைச் சுற்றித்தான். 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் இசுசு கம்பெனி வடிவமைத்த 1800 சி.சி. பெட்ரோல் என்ஜின் 75 குதிரைசக்தியோடு வந்தது. அதன் பிறகு இசுசுவின் 2000 சி.சி. டீசலும் வந்தது. ஆகவே "அம்பாசிடர்" என்று சொன்னால் மட்டும் போதாது. எந்த வருஷம், எந்த என்ஜின் என்று கேட்கவேண்டும்.

டீசலுக்கு ஏன் அந்த மவுசு?

அந்தக் காலத்தில் டீசலுக்கு ஆள் ஓடியதற்குக் காரணம் விலை. விவசாயத்துக்கும் லாரிக்கும் வேண்டியது என்று டீசலைச் சர்க்கார் மலிவாக வைத்திருந்தது. அதனால் டாக்சிக்காரர்கள் டீசலைப் பிடித்துக்கொண்டார்கள். 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு இந்த வித்தியாசம் இன்னும் ஏறியது. 2012 மே மாதம் டில்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய்! முப்பத்திரண்டு ரூபாய் வித்தியாசம் இருந்தால் யார்தான் டீசலை விடுவார்கள்?

2014 அக்டோபரில் டீசலுக்கும் கட்டுப்பாடு போயிற்று. 2020 ஜூன் கடைசியில் டில்லியில் டீசல் விலை பெட்ரோலையே தாண்டிய வேடிக்கையும் நடந்தது. 2025-ல் பெங்களூரில் பெட்ரோல் சுமார் 103 ரூபாய், டீசல் சுமார் 91 ரூபாய். அப்போது மிச்சமிருந்தது பன்னிரண்டு ரூபாய் வித்தியாசம்தான்.

விலையோடு மைலேஜையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பழைய 1489 சி.சி. பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கொடுத்தால் நல்ல வண்டி. டீசல் 13 கொடுக்கும். மாதம் 300 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குப் பெட்ரோலில் ஏறக்குறைய 3,430 ரூபாய் ஆகும், டீசலில் 2,100. மாதத்துக்கு 1,300 ரூபாய் மிச்சம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அல்சூர் கோயிலுக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குமாக மாதம் 100 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு மிச்சம் 450 ரூபாயைத் தாண்டாது. வருஷத்துக்கு ஐயாயிரத்துச் சொச்சம். டீசல் பம்ப்பைக் கழற்றி ஒருமுறை வேலை பார்த்தால் அந்த மிச்சம் போன இடம் தெரியாது. விவரமான மெக்கானிக் முதலில் கேட்பது வண்டியின் வயதை அல்ல. "மாசத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க சார்?" என்றுதான் கேட்பார்.

இரண்டின் குணம்

பெட்ரோல் என்ஜினில் ஆவியான பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை ஸ்பார்க் பிளக் பொறி தட்டிப் பற்ற வைக்கிறது. டீசலில் பொறி கிடையாது. காற்றை மட்டும் இருபது மடங்குக்கு மேல் அழுத்துகிறார்கள். அந்த அழுத்தத்தில் காற்று கொதிக்கும். அதில் டீசலைப் பீய்ச்சியதும் தானே பற்றிக்கொள்கிறது. இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் மற்ற எல்லாமே வருகின்றன. அழுத்தம் அதிகம் என்பதால் டீசல் என்ஜின் கனமாக இருக்கிறது, சத்தம் போடுகிறது, உடம்பு முழுவதையும் உதறுகிறது. நாற்பது வருஷப் பாடியின் போல்ட்டுகளும் கதவுக் கீல்களும் அந்த உதறலைத் தாங்கவேண்டும். பெட்ரோல் என்ஜின் நின்றபடி ஓடும்போது பக்கத்து சீட்டில் பேசுவது காதில் விழும்.

(பெங்களூர் வாசகர்களுக்கு ஒரு செய்தி: பெட்ரோல் வண்டியின் ஸ்பார்க் பிளக்கும், டீசல் வண்டியின் பம்ப்பு, இன்ஜெக்டரும் ஒரே கம்பெனியின் பெயரில்தான் நாடெங்கும் போயின. ஆடுகோடியில் இருந்த மைக்கோதான் அது. 1951-ல் தொடங்கிய அந்தக் கம்பெனிக்கு 2008-ல் பாஷ் என்று பெயர் மாறியது. பழைய மெக்கானிக்குகள் இன்றும் மைக்கோ என்றுதான் சொல்கிறார்கள்.)

வழியில் படுத்துக்கொள்வதிலும் இரண்டுக்கும் தனித்தனிக் குணம். சித்திரை வெயிலில் கிருஷ்ணகிரி பக்கம் பெட்ரோல் அம்பாசிடர் திடீரென்று நின்றால், பெரும்பாலும் பைப்பில் பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கும். பம்ப்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிப் பத்து நிமிஷம் காத்திருந்தால் கிளம்பிவிடும். அடைமழையில் நின்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துடைத்தால் போதும். டீசலுக்கு மழையும் வெயிலும் ஒன்றுதான். ஆனால் டாங்க்கைக் காலியாக்கி ஓட்டக்கூடாது. டீசல் தீர்ந்து நின்றால், கேனில் வாங்கி வந்து ஊற்றியதும் கிளம்பாது. பைப்பில் புகுந்த காற்றை ஸ்குரூவைத் தளர்த்தி வெளியேற்ற வேண்டும். அந்த வேலை தெரியாதவர் நடுரோட்டில் திண்டாடவேண்டியதுதான். பழைய டீசலில் சாவியைத் திருப்பினால் என்ஜின் நிற்காது என்பதும், அதற்குத் தனியாக ஒரு குமிழை இழுக்கவேண்டும் என்பதும் புதிதாக வாங்குபவர் பலருக்குத் தெரிவதில்லை.

பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத எந்த என்ஜினும் இங்கே சக்தியில் பத்தில் ஒரு பங்கை இழக்கும். 50 குதிரையில் ஐந்து போனால் தெரியாது. 37-ல் நாலு போனால், ஐந்து பேரையும் பொங்கல் பானையையும் ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் ஏறும்போது நன்றாகவே தெரியும். மார்கழிக் குளிரில் டீசலுக்கு ஹீட்டர் பிளக் சூடாகும் வரை பொறுமை வேண்டும். நல்ல பேட்டரியும் வேண்டும்.

பெட்ரோல் வண்டிக்கு வந்த சோதனை

அப்படியானால் பெட்ரோலே நல்லது என்று முடிவு கட்டிவிடலாமா? அதற்கும் ஒரு சிக்கல் வந்திருக்கிறது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றது. பழைய என்ஜினில் வால்வு உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம்தான் மெத்தை போல இருந்தது. ஹெட்டைக் கழற்றிக் கடினமான வால்வு சீட் போட்டவர்கள் தப்பித்தார்கள். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் வந்துவிட்டது. எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே மைலேஜ் சற்றுக் குறையும். அது ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் டாங்க் துருப்பிடிக்கும். பழைய ரப்பர் ஹோஸும் பம்ப்பின் டயாப்ரமும் கார்புரேட்டர் வாஷர்களும் ஊறிப் போகும். ஹோஸ் கசிந்து சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் தீ விபத்து. பெட்ரோல் அம்பாசிடர் வாங்குபவர் முதல் வேலையாக ரப்பர் முழுவதையும் எத்தனாலைத் தாங்கும் வகையில் மாற்றிவிட வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. ஜே.சி. ரோட்டில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

பார்த்து வாங்கும் விதம்

வண்டியைப் பார்க்கக் காலையில் போகவேண்டும். போனதும் பானெட்டில் கை வைத்துப் பார்க்கவேண்டும். சூடாக இருந்தால் விற்பவர் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுவது நல்லது. தேய்ந்த டீசல் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் உண்மையைச் சொல்லும். கிளம்பத் திணறி வெள்ளைப் புகை கக்கினால் ஹீட்டர் பிளக்கோ அழுத்தமோ சரியில்லை. ஓடும்போது கறுப்புப் புகை என்றால் இன்ஜெக்டர், பம்ப்பு, அல்லது அடைத்த ஏர் பில்டர். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் செலவு காத்திருக்கிறது. என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் ரயில் என்ஜின் போலக் குபுகுபுவென்று புகை வரக்கூடாது. பெட்ரோல் வண்டியில் நாலு பிளக்கையும் கழற்றிப் பார்த்தால் போதும். நாலும் வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் எண்ணெய்ப் பசையோடு இருந்தால் அந்த சிலிண்டரில் கோளாறு.

எல்லாவற்றையும்விட ஜாக்கிரதையாகப் பார்க்கவேண்டியது "டீசலாக மாற்றிய" வண்டி. பெட்ரோலோடு பிறந்த மார்க்-2 வண்டிகளில் பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு மாடடார் வேனின் டீசல் என்ஜினையும் வேறு என்ஜின்களையும் பொருத்தும் வழக்கம் 1980-களிலும் 90-களிலும் கொடிகட்டிப் பறந்தது. பல வண்டிகளில் அந்த மாற்றம் ஆர்.சி. புத்தகத்தில் ஏறவே இல்லை. எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல் என்றும், உள்ளே டீசல் என்றும் இருந்தால் பெயர் மாற்றும்போது ஆர்.டி.ஓ. ஆபீசில் மாட்டிக்கொள்வது வாங்கியவர்தான். விற்றவர் அதற்குள் போனை எடுக்கமாட்டார்.

15 வருஷம் கடந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் 20 வருஷம் கடந்த கார்களுக்கு 10,000 ஆயிற்று. டில்லிக்கு மாற்றலாகிப் போகக்கூடிய மத்திய சர்க்கார் ஊழியர் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். அங்கே டீசலுக்குப் பத்து வருஷம், பெட்ரோலுக்குப் பதினைந்து வருஷம் என்ற வரம்பை 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. பழைய அம்பாசிடரை அங்கே கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம்.

ஓட்டுவதற்கு என்று இல்லாமல், பழம்பெருமைக்காக வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு 2021-ல் வந்த விதி ஒன்று உண்டு. 50 வருஷம் கடந்து, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டியை 20,000 ரூபாய் கட்டிப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். பத்து வருஷத்துக்கு அது செல்லும். ஆனால் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு, எரிபொருள் போடுவது ஆகியவற்றுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். டீசல் அம்பாசிடர் பிறந்ததே 1979-80-ல் என்பதால் அந்த வயதை எட்ட இன்னும் சில வருஷம் ஆகும். 1960-களின் பெட்ரோல் வண்டிக்கு இப்போதே தகுதி உண்டு. அதில் யாராவது டீசல் என்ஜினைப் பொருத்தியிருந்தால் அந்தத் தகுதி போயிற்று. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன், என்ஜின் மேல் படிந்த எண்ணெய் அழுக்கைத் துணியால் துடைத்து, அதில் பொறித்திருக்கும் நம்பரை ஆர்.சி. புத்தகத்தோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.