ரெக்சின் கூரைக்கு எவ்வளவு நுரை போதும்?

ஓசூரை அடுத்த ஜூஜூவாடி மாநில எல்லையில் சற்று நேரம் நின்றால் துணிக்கூரை வண்டிகள் எத்தனை வகை என்பது தெரிந்துவிடும். தமிழ்நாட்டு மஞ்சள் ஆட்டோ, கர்நாடகத்துப் பச்சை மஞ்சள் ஆட்டோ, படுதா கட்டிய லாரி, சனிக்கிழமையானால் பெங்களூரிலிருந்து மலைப்பாதை தேடிக் கிளம்பும் சாஃப்ட் டாப் தார் ஜீப். கார் இதழ்கள் கன்வர்ட்டிபிள் என்று கொண்டாடுவதெல்லாம் இருக்கட்டும். நம் நாட்டில் அதிகம் ஓடும் துணிக்கூரை வண்டி ஆட்டோதான். ஆனால் வாட்டர் சர்வீஸுக்கு விட்டால், தகர உடம்புக்குக் கொடுக்கும் அதே வைத்தியம்தான் ஹூட் என்னும் ரெக்சின் கூரைக்கும்: பம்பின் முழு வேகத்தில் தண்ணீர், ஒரு கை சோப்புத்தூள், முரட்டு பிரஷ்.

ரெக்சின் என்று நாம் சொல்வது துணிமேல் பிவிசி பூசிய விரிப்பு. வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதே பிவிசிதான். குழாயை மடக்கினால் உடைகிறது, ஹூட்டோ சுருண்டு மடங்குகிறது. காரணம், உள்ளே கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர் என்னும் எண்ணெய்ப் பொருள். 1926-ல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமான் என்ற வேதியியலாளர், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்க ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். அதற்காக பிவிசியை ஒரு கரைப்பானில் போட்டுச் சூடாக்கியபோது பசை கிடைக்கவில்லை. வளைந்து கொடுக்கும் புதுப்பொருள் கிடைத்தது. நீளமான பிவிசி மூலக்கூறுகளுக்கு இடையே எண்ணெய் மூலக்கூறுகள் புகுந்து, அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்க இடம் கொடுக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் இடையே வேதிப்பிணைப்பு ஏதும் கிடையாது. புகுந்தது மெல்ல வெளியேறவும் செய்யும். வெயில் அதை விரட்டுகிறது. மண்ணெண்ணெயும் தின்னரும் ஒரேயடியாக உறிஞ்சி எடுத்துவிடுகின்றன.

மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் பழைய ஹூட் அன்றைக்குப் பளபளக்கும், வாஸ்தவம்தான். சில மாதங்களில் மடிப்பு விழும் இடத்தில் கீறல் ஓடும், அதன் வழியே மழை ஓட்டுநரின் தோளில் சொட்டும். பிறகு குஷன் ஒர்க்ஸ்காரருக்குத்தான் வேலை.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கென்று இன்னொரு தொல்லை, கிரானைட் தூசி. கல் அறுக்கும் பட்டறைகள் பக்கம் ஓடிவிட்டு வந்த வண்டியின் கூரையை விரலால் தடவினால் நரநரக்கும். அதில் இருப்பது குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6. கண்ணாடியே ஏறக்குறைய ஐந்தரைதான். பின்பக்கம் ஜன்னலாகத் தைத்திருக்கும் தெளிந்த பிளாஸ்டிக் அதைவிட எவ்வளவோ மென்மையானது. உலர்ந்த துணியால் துடைப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் அங்கே ஒன்றுதான். முதலில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றித் தூசியை வழியவிட வேண்டும், கை வைப்பது அதற்குப் பிறகு.

நெய்த துணிக்கூரையின் சங்கதி வேறு. அக்ரிலிக் கேன்வாஸ் கூரையில் இழைகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. இருந்தும் மழை உள்ளே வருவதில்லை. இழைகளின் மேல் பூச்சு இருப்பதால், தாமரை இலையில் உருள்வதுபோல் நீர் திரண்டு உருண்டுவிடுகிறது. நீரின் பரப்பு இழுவிசை அதைத் துளைக்குள் நுழையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. சோப்பு கலந்தால் அந்த இழுவிசை பாதிக்கும் கீழே போய்விடும், நீர் துளைக்குள் இறங்கும். சரியாக அலசாமல் விட்ட சோப்பு இழையிலேயே தங்கி, அடுத்த மழைக்கும் கதவைத் திறந்துவைக்கும். துணியை நன்றாக வெளுத்தோம் என்று நினைத்த மறுவாரமே ஒழுகுவதன் ரகசியம் இதுதான். பூச்சு இன்னும் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டு நீர் போதும். திரண்டு நின்றால் நல்லது, பரவி ஊறினால் மறுபூச்சு போட நேரம் வந்துவிட்டது.

பம்பின் விசை அடுத்த கண்டம். நல்ல கூடாரத் துணி தாங்குவது சில மீட்டர் உயர நீரின் அழுத்தத்தை. வாட்டர் சர்வீஸ் பம்புகளில் 100 பார் சாதாரணம். அது ஆயிரம் மீட்டர் ஆழத்து நீரின் அழுத்தத்துக்குச் சமம். நாசிலை விட்டு விலக விலக நீர் விரிந்து வேகம் தணியும் என்பதால்தான் கூரைகள் பிழைத்திருக்கின்றன. தையல் ஓரத்தில் நாசிலை ஒட்டிப் பிடித்தால் நூல் பிரியும், ஊசித் துளை அகலும். வாளித் தண்ணீரும் சாதாரண ஹோஸும் இருக்கும்போது ஹூட்டுக்குப் பம்பு எதற்கு என்பது என் கட்சி.

தண்ணீரிலும் ஒரு சிக்கல். இந்தப் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் கடினநீர். கறுப்பு ரெக்சினில் அப்படியே காயவிட்டால் வெள்ளைத் திட்டு விழும். அதற்காக, ஃப்ளோரைடு பாதிப்பைத் தவிர்க்க 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரில் ஆட்டோ கழுவ எனக்கு மனம் வராது. நிழலில் நிறுத்தி போர் தண்ணீரிலேயே அலசி, ஈரம் காயுமுன் மென்மையான துணியால் ஒற்றி எடுத்தால் திட்டு விழாது.

சோப்பு எவ்வளவு? துணிசோப்புத் தூள் காரம் மிக்கது, அது வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரில் வண்டி ஷாம்பு ஒரு மூடி போதும். பூஞ்சை கண்டால் பிளீச்சிங் பவுடரை நாடாதீர்கள், தையல் நூல் இற்றுப்போகும். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மார்கழிப் பனி காலை வெகுநேரம் வரை கூரையில் தங்கும். ஈரத்தோடு மடித்து வைத்த துணியில்தான் பூஞ்சை குடியேறுகிறது.

நுரை அதிகம் வந்தால் அழுக்கு அதிகம் போகும் என்பது வெறும் நம்பிக்கை. நுரை என்பது சோப்பு மூலக்கூறுகள் சுவர் கட்டி அடைத்த காற்று, அவ்வளவுதான். பெங்களூரின் கழிவுநீர் தென்பெண்ணையில் கலந்து வந்து, கெலவரப்பள்ளி அணையின் மதகுகளில் விழும்போது வெள்ளை மலையாக எழும்பும் நுரையை ஓசூர்க்காரர்கள் பலமுறை பார்த்திருக்கிறார்கள். சுத்தத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நம் சாக்கடைத் தண்ணீரும் அதே ஆற்றுப் படுகையில்தான் இறங்குகிறது, கீழே கிருஷ்ணகிரி அணையும் அதன் பாசன வயல்களும் இருக்கின்றன. ஆகவே வாளியில் இரண்டாவது மூடி ஷாம்பு ஊற்றாதீர்கள்.