பழைய காய்ச்சலும் இன்றைய குழப்பமும்

பீங்கான் தொழிற்பேட்டையில் பல்லாண்டுகள் கோப்பைகளுக்கு வண்ணம் தீட்டிய முதியவர் ஒருவரை அவருடைய மகள் எங்களிடம் அழைத்து வந்தார். கை நடுக்கத்திற்காகப் பார்க்கின்சன் மாத்திரை உட்கொள்பவர் அவர். 3 நாட்களாக வீட்டாரை அடையாளம் தெரியவில்லை. நள்ளிரவில் எழுந்து வேலைக்குப் புறப்படுகிறார். வயதாகிவிட்டது, மூளை மங்கிவிட்டது என்று உறவினர் முடிவு கட்டியிருந்தனர். பரிசோதித்ததில் சிறுநீர்த் தொற்று இருந்தது. காய்ச்சலோ எரிச்சலோ இல்லை. சிகிச்சைக்குப்பின் மகளைப் பெயர் சொல்லி அழைத்தார்.

ஓரிரு நாட்களில் தோன்றும் குழப்பம் முதுமையன்று. உடனே கவனிக்கவேண்டிய நோய். நடுக்குவாதம் உடையோருக்குச் சிறுநீர் தேங்குவதாலும், விழுங்கும்போது உணவு மூச்சுக்குழலில் நுழைவதாலும் தொற்று எளிதில் வருகிறது. மாதக்கணக்கில் மெல்லத் தேயும் நினைவாற்றல் வேறு. ஆயினும் இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்வதற்கில்லை. கடும் தொற்றுக்கு ஆளான முதியோரிடம் பிற்காலத்தில் மறதிநோய் கூடுதலாகக் காணப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. தொற்றே அதற்குக் காரணம் என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

இளமையில் வந்த காய்ச்சலையும் நாங்கள் கேட்பதுண்டு. அதற்கு நம் ஊரில் தனிக் காரணம் உண்டு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதல் அறியப்பட்டது 1955-இல், வட ஆற்காட்டுப் பகுதியில். நெல்வயல் நீரில் பெருகும் கொசுக்களே அதைப் பரப்புகின்றன. பன்றியும் கொக்கும் அக்கிருமியின் இருப்பிடங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மதுரை மையம் இக்கொசுக்களை ஆராய விருத்தாசலத்திலேயே கள நிலையம் வைத்திருந்தது. இந்நோய் மூளையின் ஆழ்பகுதிகளைத் தாக்குவதால், பிழைத்தவர் சிலரிடம் உடல் விறைப்பும் இயக்கத் தளர்ச்சியும் மறதியும் தங்கிவிடுகின்றன. அதைப் பார்க்கின்சன் நோய் என்றே எண்ணிவிடக்கூடும். வியன்னாவில் வான் எக்கனாமோ 1917-இல் விவரித்த உறக்க மூளைக்காய்ச்சலில், காய்ச்சல் தணிந்து பல ஆண்டுகள் கழித்தும் இவ்வாறு நேர்ந்தது.

எனவே பெரியவரை அழைத்து வரும்போது, குழப்பம் தொடங்கிய நாளையும், இளமையில் வலிப்போ நினைவிழப்போ கொண்ட காய்ச்சல் வந்திருந்தால் அதையும் எழுதிக் கொண்டு வாருங்கள். பழைய மருத்துவச் சீட்டுகள் கறை படிந்திருந்தாலும் பரவாயில்லை. பார்க்கின்சன் மாத்திரையைத் தாமாக நிறுத்தாதீர்கள். வேறு மருத்துவரிடம் சென்றாலும் இந்நோயைச் சொல்லுங்கள்: வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோப்ரமைடும், குழப்பத்தை அடக்கத் தரப்படும் ஹாலோபெரிடாலும் விறைப்பை மேலும் கூட்டிவிடும்.