கோப்பையும் ஜாடியும் வேட்டுத் துணியும்

விருத்தாசலத்திற்குத் திருமுதுகுன்றம் என்றும் பழமலை என்றும் பழம்பெயர்கள் உண்டு. மணிமுத்தாற்றங்கரையிலுள்ள விருத்தகிரீசுவரர் கோயிலைத் தரிசிக்க வருவோருக்கு அது திருத்தலம். பண்டம் வாங்க வருவோருக்கோ அது பீங்கான் ஊர். அகல் விளக்கு, கொலுப் பொம்மை, மின்சார ஃபியூஸ் கட்டை, ஜாடி, கோப்பை எனப் பலவகைச் சாமான்கள் அவ்வூர்ச் சூளைகளில் வெந்து வெளியூர் சென்றுள்ளன. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசினர் பயிலகமும் அங்கு உண்டு.

இத்தகைய வட்டாரத்திலே கூடிய ஒரு சங்க மகாசபையில், அங்கத்தினர் அனைவருக்கும் காகிதக் கோப்பையில் தேநீர் வழங்கப்பட்டதை இக்கட்டுரையாளர் கண்டார். கூட்டம் கலைந்தபின் வேப்பமரத்தடியில் அக்கோப்பைகள் குவிந்து கிடந்தன. ஆடு ஒன்று வந்து முகர்ந்து பார்த்துவிட்டு அப்பால் சென்றது. அன்று பேசியவர்கள் எல்லோரும் உள்ளூர்க் கைத்தொழில்களை ஆதரிக்க வேண்டும் என்றே பேசினார்கள். அந்தச் சங்கம் எது என்பது நமக்கு வேண்டாம். நமது வீட்டு விசேஷங்களிலும் இதுவேதான் நடைபெறுகிறது.

காகிதந்தானே, மக்கிவிடுமே என்று சிலர் சமாதானம் கூறுவர். வெறும் காகிதத்தில் சூடான தேநீரை ஊற்றினால் சிறிது நேரத்தில் ஊறிக் கிழிந்துவிடும். ஆகையால் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இடுகிறார்கள். அப்பூச்சு மக்குவதில்லை, காகிதத்தை மீண்டும் கூழாக்குவதற்கும் அது தடையாகிறது. தமிழக அரசு 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்த 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுள் இப்பூச்சிட்ட கோப்பையும் ஒன்று. இதை அறியாமல் வாங்குவோரே அதிகம்.

அப்படியாயின் பீங்கான் கோப்பை குற்றமற்றதா? அவ்வாறு சொல்லிவிட முடியாது. அது உண்டாகும் விதத்தை அறிந்தால்தான் அதன் மதிப்பும் அதன் குறையும் விளங்கும்.

வெண்களிமண்ணோடு குவார்ட்ஸ் கல்லும் ஃபெல்ஸ்பார் கல்லும் மாவாக அரைத்துச் சேர்க்கப்படுகின்றன. அடுத்துள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணடுக்குகளிலும் வெண்களிமண் உண்டு. இக்கலவையை நீரில் கூழாகக் கரைத்துப் பாரிஸ் சாந்தினாலான அச்சில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, அதன் உட்சுவரில் மண் தோல்போலப் படிகிறது. மிஞ்சிய கூழைக் கவிழ்த்து எடுத்துவிட்டால் நிற்பதே கோப்பை. இந்நிலையில் உடைந்தால் நஷ்டம் ஏதுமில்லை. தண்ணீரில் ஊறவைத்தால் மறுபடியும் கூழாகிவிடும். ஆனால் சூளையில் 1,200 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்தபின் உடைந்தால் கதை வேறு. ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடிபோலாகி மற்ற இரண்டையும் பிணைத்து விடுவதால், அது மீண்டும் களிமண் ஆவதில்லை. சூளைக்காரர்கள் சிலவகை ஓட்டுத் துண்டுகளை அரைத்துப் புதுக் கலவையில் சேர்ப்பதுண்டு. வீட்டிலே பூந்தொட்டியின் அடியில் நீர் வடியப் போடலாம். அதற்கு மேல் அதற்கு உபயோகமில்லை.

அந்த வெப்பத்தை உண்டாக்க எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்பதே முக்கியமான விஷயம். கனடா நாட்டு விக்டோரியா பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராயிருந்த மார்ட்டின் ஹாக்கிங் 1994ஆம் ஆண்டில் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார். எரிசக்திச் செலவில் ஒரு பீங்கான் கோப்பை காகிதக் கோப்பையோடு சமமாக வேண்டுமானால் அதை 39 முறை பயன்படுத்தியிருக்க வேண்டும். தெர்மோகோல் போன்ற நுரைக் கோப்பையோடு சமமாகவோ 1,006 முறை பயன்படுத்த வேண்டும்! ஒவ்வொரு முறையும் இயந்திரத்தில் வெந்நீரால் கழுவும் செலவும் அவர் கணக்கில் அடங்கியது. தொட்டித் தண்ணீரில் கையால் அலம்பும் நமது வீடுகளுக்கு அவ்வளவு ஆகாது. எரிசக்தியை மட்டுமே பார்க்கும் கணக்கு அது என்பதையும் மறத்தலாகாது. வேப்பமரத்தடிக் குவியல் அதில் சேரவில்லை. ஆயினும் அதன் சாரம் நமக்குப் பொருந்தும். இரண்டே நாளில் கைதவறி உடையும் கோப்பை, காகிதக் கோப்பையைவிட நல்லதன்று. பத்து வருஷம் அலமாரியில் காட்சிக்கு நிற்கும் கோப்பையும் அப்படியே.

இதே காரணத்தால், 2004ஆம் ஆண்டில் ரயில்வே மந்திரியாயிருந்த லாலு பிரசாத் ரயில் நிலையங்களில் மண்குவளைத் தேநீரைக் கொண்டுவந்தபோது எல்லோரும் பாராட்டியதைப்போல் நம்மால் முழுமனத்தோடு பாராட்ட இயலவில்லை. குயவர்களுக்கு வேலை கிடைப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் ஒரு மிடறு தேநீருக்காக மண்ணைத் தோண்டி, விறகு எரித்துச் சுட்டு, உடனே தண்டவாளத்தில் எறிவது சிக்கனமாகுமா? பயிரிடும் அங்கத்தினர்களுக்கு மேல்மண்ணின் அருமையை நாம் சொல்ல வேண்டியதில்லை.

நீடித்து உழைப்பதற்கு நம் வீட்டிலேயே உதாரணம் உண்டு. அதுதான் ஊறுகாய் ஜாடி. உப்பும் புளிப்பும் உலோகத்தை அரிக்கும். பிளாஸ்டிக் டப்பாவிலோ எண்ணெயும் மிளகாய்ச் சிவப்பும் ஏறி நாற்றம் போகாது. நன்றாக வெந்த ஜாடியை அவை ஒன்றும் செய்வதில்லை. பாட்டி வாங்கிய ஜாடியில் பேத்தி மாவடு போடும் குடும்பங்கள் எத்தனையோ உள்ளன. அந்த ஜாடியின் வாய்க்கு வெள்ளைத் துணியால் வேடு கட்டுகிறோம் அல்லவா? அது பெரும்பாலும் கிழிந்த கைத்தறி வேட்டியின் துண்டாகவே இருக்கும். நெசவாளர் அங்கத்தினர்களுக்கு இவ்விடத்தில் ஒரு வார்த்தை. வேட்டி பழையதானால் குழந்தைக்குத் தூளியாகிறது. பிறகு வேட்டுத் துணியாகிறது. கடைசியில் அடுப்படியில் கரித்துணியாகி மண்ணில் மக்குகிறது. பாலியஸ்டர்த் துணிக்கு இந்த வரலாறு கிடையாது. துவைக்குந்தோறும் அதிலிருந்து உதிரும் நுண்ணிழைகள் வாய்க்காலுக்குச் செல்கின்றன.

வீட்டு விரிப்புகளுக்கும் இக்கணக்கே. மலிவான செயற்கை விரிப்பு சில வருஷத்தில் நைந்து குப்பைக்குப் போகும். பவானி ஜமக்காளம் கல்யாணத்திற்குக் கல்யாணம் விரிக்கப்பட்டும் தளராது. கோரைப்பாய், இலவம்பஞ்சுத் தலையணை, தென்னைநார் மிதியடி ஆகியவையும் நாம் அறிந்தவையே. பருத்தியை மாத்திரம் பரிசுத்தமானது என்று எண்ணிவிட வேண்டாம். அதற்குத் தெளிக்கும் பூச்சிமருந்தையும் பாய்ச்சும் நீரையும் பயிரிட்டவர் அறிவார். ஆகவே பருத்தித் துணியையும் நெடுநாள் உபயோகித்தே கடன் தீர்க்க வேண்டும். வாங்கும்போது கைத்தறிதானா என்ற ஐயம் எழுந்தால், 2006ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்க.

பீங்கான் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில. கோப்பையை விரல் நுனியில் தொங்கவிட்டுச் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும்; மந்தமாக ஒலித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. அடிவிளிம்பில் மெருகு படாத இடத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் சரியாக வேகவில்லை என்று பொருள். எல்லாவற்றிலும் முக்கியமானது மெருகு. சில மெருகுகளிலும் வண்ணங்களிலும் ஈயம் சேர்ந்திருக்கும். புளியும் எலுமிச்சையும் அதைக் கரைத்து உணவில் கலந்துவிடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும். அலங்காரத்திற்கெனச் செய்த வண்ணக் கிண்ணத்தில் சட்னி வைக்கலாகாது. உணவுக்கு உரியதா, ஈயம் கலவாத மெருகா என்று கடைக்காரரைக் கேட்டே வாங்க வேண்டும். கேட்பவர் பெருகினால் செய்பவரும் கவனமாயிருப்பர்.

இனி மகாசபைத் தேநீருக்கு வருவோம். 200 கோப்பைகளைச் சங்கமே வாங்கி வைத்துக்கொண்டு, அங்கத்தினர் வீட்டு விசேஷங்களுக்குச் சிறு வாடகைக்குக் கொடுக்கலாம். வருஷத்திற்கு ஐந்து விசேஷம், ஒவ்வொன்றிலும் இரு வேளை என்று வைத்துக்கொண்டால் பத்து முறை. நான்கு வருஷத்தில் ஹாக்கிங் கூறிய 39ஐத் தாண்டிவிடலாம். வாடகைக்கு எடுப்போர் மிகுந்தால் அதற்கு முன்பே. இதற்கு இரண்டு இடையூறுகள் தெரிகின்றன. ஒன்று, கழுவுவது யார் என்பது. அந்த வேலையைப் பெண்கள் தலையில் கட்டிவிட்டு ஆண்கள் சிக்கனம் பேசுவது முறையன்று. கூலிக்கு ஒருவரை அமர்த்தி, அச்செலவையும் வாடகையில் சேர்க்க வேண்டும். மற்றொன்று உடைவு. நான்கு வருஷத்திற்குள் பாதிக் கோப்பைகள் உடைந்தால் கணக்குத் தவறிப்போகும். ஆகையால் வைக்கோல் பரப்பிய மரப்பெட்டியில் அடுக்கித் தருவதும், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவதும் அவசியம். உடைந்த கோப்பைக்கு ஈடு எவ்வளவு என்பதையும் ரசீதிலேயே எழுதிவிட வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போய் அதைப் பேசிக்கொண்டிருக்க முடியாது.